அரெஸ்ட், டிடெய்ன், ஐந்தாவது பெயர்

ஒக்டோபர் 7, திங்கள்

காலையிலிருந்து மழை இருட்டு. விழவில்லை. இது சித்திரப் பாடத்துக்கு வாங்கிய கொப்பி, பாதிக்கு மேல் வெறுமை. இன்றிலிருந்து இதில் நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக ஒரு வரியையும் திருத்தமாட்டேன். ஒருவருக்கும் காட்டவும் மாட்டேன். தம்பி எடுத்து வாசித்தால் அவனுடைய பட்டத்தைக் கிழிப்பேன். இதுவும் உண்மை.

முதலில் நேற்று. விடிய ஐந்து மணிக்கு இராணுவத்தின் சுற்றிவளைப்பு. அன்புவழிபுரம் முழுக்க. ஒலிபெருக்கியில் அரைகுறைத் தமிழ். எல்லோரும் மைதானத்துக்கு. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஜீப்புக்குள் ஒருவன், தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆண்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்கவேண்டும். சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்கு. ஆடினால் ட்ரக்குக்கு. அப்பாவுக்கு ஆடவில்லை. நேசன் அண்ணாவுக்கு ஆடியது.

நேசன் அண்ணாவும் சுகந்தி அக்காவும் எங்கள் வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருக்கிறார்கள். குழந்தைக்கு எட்டு மாதம். அண்ணாவுக்குத் துறைமுகக் கரையில் ஐஸ் பக்டரியில் வேலை. ட்ரக்கில் ஏறும்போது ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மற்றக் கையால் அக்காவைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று காட்டினார். அவ்வளவுதான். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இன்றைய வேலை:
ஆங்கிலப் பயிற்சி. உறவுள்ள இரண்டு சொற்களை எடுத்து, கருத்திலும் இலக்கணத்திலும் என்ன வேறுபாடு என்று இரண்டு பக்கம். வியாழனுக்குள்.
சப்பாத்துக்கு வெள்ளை பூசவேண்டும்.
லிஸ்ட். (செய்தாயிற்று.)

லிஸ்டைப் பற்றியும் எழுதவேண்டும், உண்மை என்று சொல்லிவிட்டேன். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் முன்கதவின் உள்பக்கம் ஒரு தாள் தொங்கும். வீட்டில் இருப்பவர்களின் பெயர், வயது, அடையாள அட்டை எண். எல்லாம் இங்கிலிஷில். அடியில் கிராம சேவகரின் கையெழுத்தும் முத்திரையும். செக்கிங் வந்தால் தாளைப் பார்த்து ஆட்களை எண்ணுவார்கள். கூட இருந்தாலும் பிழை, குறைய இருந்தாலும் பிழை. எங்கள் தாளில் ஏழு பெயர்.

நேற்றுப் பின்னேரம் அப்பா அதைக் கழற்றினார்.

"பிடிச்சது ஒரு ஆக்கள். செக்கிங்குக்கு வாறது வேற ஆக்கள். ஏழு பேர் எண்டு போட்டு ஆறு பேர் நிண்டா, மற்றவன் எங்க, இயக்கத்தோட காட்டுக்கோ போனவன் எண்டு கேப்பாங்கள். நேசன் வரட்டும், திரும்ப எழுதுவம்."

அவர் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து வடிவு என்று எப்போதும் என்னிடம்தான் தருவார். ஆறு பெயர். இன்று காலை கிராம சேவகர் சைக்கிளை விட்டு இறங்காமல், வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். பழைய தாள் குசினி அடுப்புக்குள். அக்காவுக்குச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றார் அம்மா. தெரியாததை அவ எப்படிக் கேட்பா?

தம்பிக்கு இருமல். கொத்தமல்லி அவித்தது.


ஒக்டோபர் 8, செவ்வாய்

மழை. பெரிய துளி, பதினைந்து நிமிடம், பிறகு வெயில். உடம்பு முழுக்கக் கசகசப்பு.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா வாசலில் நின்றா. குழந்தை இடுப்பில். "உடுப்பு மாத்தாதை, தங்கச்சி. யூனிஃபோமோட வா" என்றா. இராணுவ முகாம் வாசலுக்கு, பிடிபட்ட ஆளைக் கேட்டுப் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். இங்கிலிஷ் தெரிந்த ஒரு பெண்பிள்ளையை, வெள்ளைச் சட்டையோடும் கழுத்து ரையோடும் கூட்டிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை நின்றால் துவக்குப் பிடியால் தள்ளமாட்டார்கள். முகாம் பெரியவருக்கும் இங்கிலிஷ் பேச ஆசையாக இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை, ஆஸ்பத்திரி மருந்துக்குப் போத்தல் கொண்டுபோவதைப் போல.

அப்பா ஓர்ஸ் ஹில்லில் அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கர். நாள் முழுக்க இங்கிலிஷில் கடிதம் எழுதுகிறவர். அவர் ரீயைக் குடித்துக்கொண்டு, "அவள் போகட்டும். பாத்துக் கதைக்கச் சொல்லுங்கோ" என்று அம்மாவிடம் சொன்னார். நான் அங்கேயேதான் நின்றேன்.

முகாம் வாசலில் ஏற்கனவே ஆறேழு பெண்கள், குடைகளோடு. லிங்கநகரிலிருந்து வருகிற கமலாக்காதான் அங்கே மூத்தவ, வயதால் இல்லை, வந்த நாட்களால். என்னைப் பார்த்து, "ஆர் பெத்த பிள்ளை? நல்லாக் கதைப்பியோ, இல்லாட்டி யெஸ் நோ மட்டும்தானோ?" என்றா. எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஓர் அதிகாரி வந்தார். இளம் ஆள். நல்ல இங்கிலிஷ். நான் பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன்: ஐயா, ஞாயிறு காலை அரெஸ்ட் செய்யப்பட்டவர் இன்னார், அவர் எங்கே என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

அவர் என்னைத் திருத்தினார். ரீச்சர் திருத்துவதைப் போலவே. ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் அரெஸ்ட் செய்யப்படவில்லை, மகள். சிலர் டிடெய்ன் செய்யப்பட்டார்கள். இரண்டும் வேறு சொல். சிலர் யார் என்று கேட்டேன். சிலர் என்றார். பிறகு, அந்தப் பெயரில் ஆள் இங்கே இல்லை, அநேகமாகப் பெண்சாதியை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போயிருப்பான், அவளுக்கு அதைச் சொல் என்றார்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா.

"பாத்துச் சொல்லுறாராம், அக்கா."

இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் சொன்னேன். அக்கா அவரைப் பார்த்துக் கும்பிட்டா. அவன் அப்படிச் சொன்னதற்கு அவ கும்பிட்டா. நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் கும்பிட்டிருக்கமாட்டா.


ஒக்டோபர் 9, புதன்

மழை இல்லை. கடல் பக்கமிருந்து எண்ணெய் மணம்.

வேறு சொல் என்றாரே. பார்க்கிறேன், எவ்வளவு வேறு என்று. அப்பாவின் பெரிய அகராதி, அலுமாரி மேல்தட்டு. மட்டையைக் கரப்பான் தின்றுவிட்டது. பயிற்சிக்கு இந்த இரண்டு சொல்லையுமே எடுத்துவிட்டேன். குறிப்பு:

அரெஸ்ட். வினையாகவும் வரும், பெயராகவும் வரும். உடுப்பு மாற்றாமலே இரண்டு வேலைக்கும் போகும். ஒருவனை அரெஸ்ட் செய்தார்கள். ஓர் அரெஸ்ட் நடந்தது. பக்கத்தில் சட்டம் என்று ஒன்று நிற்கவேண்டும். ஏன் என்று கேட்டால் ஒரு பதில் இருக்கவேண்டும். பிழையான பதிலாவது.

டிடெய்ன். வினை மட்டும். பெயராக வேண்டுமென்றால் வாலை மாற்றி டிடென்ஷன் ஆகவேண்டும். போகவிடாமல் வைத்திருத்தல். சுணங்கச் செய்தல். இதற்குக் காரணம் தேவையில்லை, ஒரு கதவு போதும். அகராதி தரும் உதாரணம்: மழை எங்களை டிடெய்ன் செய்தது. வீட்டுவேலை செய்யாதவர்களைப் பரிமளா ரீச்சர் மணி அடித்த பிறகு வைத்திருப்பதும் டிடென்ஷன்தான். மழைக்கும் ரீச்சருக்கும் முகாமுக்கும் ஒரே சொல். மழை விட்டால் வீட்டுக்குப் போகலாம்.

டிடெய்ன் செய்யப்பட்டவனுக்கு டிடெய்னி என்று தனிப் பெயர் உண்டு. அரெஸ்ட் செய்யப்பட்டவனுக்கு இந்த அகராதியில் அப்படி ஒரு பெயரைக் காணவில்லை. வைத்திருக்கிறவனுக்கு ஏதாவது பெயர் இருக்கிறதா என்று தேடினேன். அதுவும் இல்லை.

ஒற்றுமை. இரண்டும் செயப்படுபொருள் கேட்கிற வினைகள். பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் இரண்டாலும் நிற்க ஏலாது. ஆனால் செயப்பாட்டுவினையில் போட்டால், செய்தவன் வசனத்தை விட்டு இறங்கிப் போய்விடலாம். வசனம் விழாது. சிலர் டிடெய்ன் செய்யப்பட்டனர், முற்றுப்புள்ளி. ரீச்சர் போன தவணை கரும்பலகையில் எழுதிய விதி: செய்தவர் முக்கியமில்லையென்றால் அவரை விட்டுவிடலாம்.

முக்கியமில்லையாம்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்ன வசனம்: "பிடிச்சுக்கொண்டு போனவங்கள்." இதில் கடைசியில் ஆட்கள் நிற்கிறார்கள். வெட்டிப் பார்த்தேன். வெட்டினால் வசனமே முடியாது. அகராதி எழுதியவர்களுக்கு அக்காவைத் தெரியாது.

இரண்டு பக்கம் வரவேண்டியது நாலு பக்கம் வந்துவிட்டது. ஒரு வெட்டும் இல்லை. சந்தோஷமாக இருந்தது. பிறகு சந்தோஷமாக இருந்ததற்காகக் கோபம்.

அக்கா இரவு சமைக்கவில்லை. அம்மா பிட்டும் சம்பலும் கோப்பையில் போட்டுக் கொடுத்தா.


ஒக்டோபர் 10, வியாழன்

ப. ரீச்சர் என் கொப்பியை வாசித்துவிட்டு வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் கூப்பிட்டா. மேசையில் கொப்பி. நாலு பக்கமும் கிழித்து எடுத்தாயிற்று. ஒழுங்காக, ரூலர் வைத்து.

"என்ன பிள்ளை இது?"

"உறவுள்ள சொற்கள், ரீச்சர்."

"சொல்லுக்கு உமக்குப் பஞ்சமோ? லெண்ட் இருக்கு, பொரோ இருக்கு. ரைஸ், ரெய்ஸ் இருக்கு. அடுத்த கிழமை மேலதிகாரிகள் வருகினம். கொப்பியளை எடுத்துப் பாப்பினம். என்ர பேர்தான் அடியில இருக்கும்."

"பிழை ஏதும் இருக்கோ, ரீச்சர்?"

கிழித்த பக்கங்களை அடுக்கி மடித்தா. பிறகு, "பிழை இல்லை. அதுதான் பிழை. போம்" என்றா.

நாலு பக்கத்தையும் திருப்பித் தரவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டா. கிழித்து எறிந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது. மதிவதனி கேட்டாள்: "என்ன இங்கிலிசுக்காரி, உனக்கும் பிழை வருமோ?" நான் அவளுடைய மைப் போத்தலைத் தட்டிவிட்டேன். தெரியாமல் என்று சொன்னேன். தெரிந்துதான்.

லெண்ட், பொரோ எழுதினேன். கொடுப்பவன் பக்கமிருந்து பார்த்தால் ஒரு சொல், வாங்குபவன் பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு சொல். ஒன்றரைப் பக்கம். பத்துக்கு ஒன்பது போடுவா, பாருங்கள். யாரைப் பாருங்கள் என்கிறேன்? இதை ஒருவரும் வாசிக்கப் போவதில்லை.

அக்கா இன்று தனியாக வாசலுக்குப் போய் வந்திருக்கிறா. பகல் முழுக்க. ஒருவரும் வெளியே வரவில்லையாம். கமலாக்கா ஏதோ வழி சொல்லிக் கொடுத்தாவாம், சனிக்கிழமை நீயும் வா என்றா. முகத்தில் கொஞ்சம் தெளிவு. என்ன வழி என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை, சப்பாத்து காயவில்லை என்ற கவலையில் இருந்தேன்.


ஒக்டோபர் 12, சனி

எழுத இருந்து அரை மணி நேரம். பேனை ஓடவில்லை. ஓடவேண்டும்.

மழை காலையிலிருந்து. நானும் அக்காவும் ஒரு குடையில். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு. பத்தரைக்கு அதே அதிகாரி. இன்று கதிரை போட்டு, மேசை போட்டு, தாழ்வாரத்தில். நல்ல நாள் என்று கமலாக்கா காதுக்குள் சொன்னா.

பெயர் சொன்னேன். விலாசம் சொன்னேன். அண்ணா அந்த விலாசத்தில் இருந்தவர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்னமே அக்காவுக்கு விளங்கிவிட்டது. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவ மாதிரி, பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையோடு ஒரு தாளை எடுத்தா.

எங்கள் கதவு லிஸ்ட். காலையில் நாங்கள் தேத்தண்ணீர் குடிக்கும்போது கழற்றியிருக்கிறா. இதுதான் கமலாக்கா சொன்ன வழி: "வீட்டு லிஸ்ட் இருந்தா ஏலாது எண்டு சொல்ல மாட்டாங்கள், முத்திரை இருக்குத்தானே." அக்காவுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. பத்திரமாக, நனையாமல், பையைச் சேலைத் தலைப்புக்குள் மூடிக் கொண்டுவந்திருக்கிறா.

நான் கையை நீட்டினேன். பிந்திவிட்டது.

அவர் பேனையை ஒவ்வொரு பெயராக வைத்துக்கொண்டு போனார். அப்பா. அம்மா. நான். தம்பி. சுகந்தி. குழந்தை. பேனை வெறும் இடத்தில் நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து அழகு, யாருடையது என்று கேட்டார்.

என்னுடையது என்றேன்.

அப்படியென்றால் இப்படி ஓர் ஆள் அந்த வீட்டில் இல்லை என்று உனக்குத் தெரியும். வீட்டிலேயே இல்லாத ஆளை நாங்கள் எப்படி டிடெய்ன் செய்வது? சத்தம் போடவில்லை. சிரிக்கவும் இல்லை. தாளை உறைக்குள் போட்டு, அக்காவிடம் இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார். அடுத்தவவைக் கூப்பிட்டார்.

"என்னவாம்?"

இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சொன்ன காட்டுக் கதையையும் சேர்த்து. லிஸ்டில் அண்ணாவின் பெயர் இல்லை என்றும், எழுதியது நான் என்றும், பழையதை எரித்தாயிற்று என்றும். நின்ற இடத்திலேயே. கமலாக்கா, "அட பாவியளே" என்றா, மெல்லமாக, என்னைப் பார்த்து இல்லை, நிலத்தைப் பார்த்து.

அக்கா என்னைத் திட்டுவா என்று நினைத்தேன். அடித்தாலும் நல்லம் என்று இருந்தது. அவ தாளை விரித்து, எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே கேட்டா:

"அவற்ற பேர் எத்தினையாவதா இருந்தது, தங்கச்சி?"

"அஞ்சாவது, அக்கா."

"தம்பிக்கும் எனக்கும் நடுவில."

"ஓம்."

குடையை என்னிடம் தந்துவிட்டு மழைக்குள் முன்னால் நடந்தா. வீடு வரைக்கும் நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால். இரண்டு பேரும் நனைந்தோம். நான் குடையை விரித்துத்தான் வைத்திருந்தேன், பிடித்தது எங்கே என்று தெரியவில்லை.


ஒக்டோபர் 13, ஞாயிறு

ஒரு கிழமை, ஏழு நாள்.

அக்கா எங்கள் கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டா. கழுவி, துடைத்து, வெறுமையாக. ஒருபோதும் அப்படித் தந்ததில்லை. ஒரு கரண்டி சீனியாவது, இரண்டு பச்சைமிளகாயாவது போட்டுத்தான் தருவா. வெறும் கோப்பை கொடுக்கக்கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவதான். அம்மா அதைக் குசினி மேசையில் வைத்துவிட்டு எதிரில் இருந்தா.

மத்தியானம் அப்பாவிடம் கேட்டேன். மெல்லக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"நீங்கள் ஏன் வாசலுக்கு வரேல்ல? உங்களுக்கு என்னை விட இங்கிலிஷ் தெரியும்."

"ஆம்பிளை போனா ஆளையும் உள்ள எடுப்பாங்கள்."

"அப்ப நான் போகலாம்."

"உன்னை ஒண்டும் செய்ய மாட்டாங்கள் எண்டுதானே அனுப்பினனான்."

"லிஸ்டில பேரை எடுத்தது ஆர்?"

"எடுக்க வேண்டி வந்தது, பிள்ளை."

"ஆருக்கு வேண்டி வந்தது?"

அம்மா என் கன்னத்தில் அடித்தா. வாழ்க்கையில் இரண்டாவது தடவை. நான் அழவில்லை. "அவர் எடுத்தவர், நான் எழுதினனான், நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்" என்று அம்மாவுக்கும் சேர்த்துச் சொன்னேன். தம்பி வந்து, பட்டத்துக்குப் பசை வேண்டும் என்றான். அவனாகவே சோற்றை எடுத்து ஒட்டினான்.

அப்பாவை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதவேண்டும், உண்மை என்பதால். பிடிக்கும் என்பதால்தான் இவ்வளவு கோபம். பயந்தவர் என்று தெரிந்திருந்தது. அவருடைய பயத்தை நான்தான் வடிவான கையெழுத்தில் எழுதுகிறேன் என்று தெரியாது.


ஒக்டோபர் 14, திங்கள்

வெயில். ஈ.

லெண்ட், பொரோவுக்குப் பத்துக்கு ஒன்பது. ப. ரீச்சர் கொப்பியைத் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா கந்தோருக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிராம சேவகரிடம் போனார், நேசன் அண்ணாவின் பெயரைத் திரும்பச் சேர்க்க. நானும் போனேன், அவர் வேண்டாம் என்று சொல்லாததால்.

கிராம சேவகர்: "ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, சேக்கிறன்."

அப்பா: "ஆள்தானே இல்லை."

"இல்லாத ஆளைச் சேக்க ஏலாது, ஐயா. உங்களுக்குத் தெரியாத சட்டமோ? நீங்கள்தானே வெட்டிக்கொண்டு வந்தனீங்கள்."

"நீங்கள் கையெழுத்து வச்சனீங்கள்."

"நான் வாசிக்கேல்ல எண்டு ஆருக்கும் சொல்லப் போறீங்களோ?"

இரண்டு பேருடைய சட்டைப் பையிலும் ஒரே மாதிரிப் பேனை. ஓர் ஆளை எடுப்பதற்குச் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை. சேர்ப்பதற்கு அந்த ஆளே வரவேண்டும். அந்த ஆள் வரவேண்டுமென்றால் பெயர் இருக்கவேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தேன். அப்பா, "போதும்" என்றார். நான் நிறுத்தவில்லை.


ஒக்டோபர் 15, செவ்வாய்

அப்பா பின்னேரம் கந்தோர்த் தாளில் கடிதம் எழுதினார். இல்லை, கந்தோர்த் தாளில் இல்லை, அதை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுச் சாதாரணத் தாளில். முகாம் அதிகாரிக்கு. மூன்று தடவை கிழித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்.

நல்ல இங்கிலிஷ். தாழ்மையுடன், பணிவுடன், மேன்மைதங்கிய. நடுவில் ஒரு வரி: மேற்படி நபரின் பெயர் தவறுதலாக விடுபட்டுவிட்டது.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வரியை வெட்டினார். மேலே எழுதினார்: ஆறாம் திகதி காலை அவர் கொண்டுசெல்லப்பட்டதை நான் என் கண்ணால் கண்டேன். அன்று பின்னேரம் என் குடும்பத்துக்குப் பயந்து அவருடைய பெயரை நான் நீக்கினேன்.

"இதில நான் எண்டு ரெண்டு தரம் வருது" என்றார். "கந்தோரில இருபத்திரண்டு வருசம். ஒரு கடிதத்திலயும் எழுதினதில்லை."

"நான் எழுதித் தாறன், அப்பா. வடிவா."

"வேண்டாம். என்ர எழுத்திலயே இருக்கட்டும்."

அம்மா நாளைக்குப் போகவேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தா. என்னைப் பார்த்து, "இப்ப சந்தோசமோ உனக்கு?" என்றா. சந்தோஷமில்லை. ஆனால் போகவேண்டாம் என்று என் வாயில் வரவில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

அக்காவிடம் சொல்லப் போனேன். கதவைத் திறந்தா. குழந்தை தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தது. "நாளைக்கு அப்பா போறார், அக்கா, கடிதத்தோட." கேட்டுக்கொண்டு நின்றா. "சரி" என்றா. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.


ஒக்டோபர் 16, புதன்

இடி. மழை விட்டு விட்டு.

8.30 அப்பா போனார். வெள்ளைச் சேட், கந்தோர்ச் சப்பாத்து. சைக்கிளில் போகவில்லை, நடந்து. நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒருவரும் போ என்று சொல்லவும் இல்லை.

10.00 இல்லை.
12.00 இல்லை. அம்மா உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தா. தண்ணீர் வற்றிப் பானை கருகியது.
2.00 அக்கா தன் பக்கக் கதவைத் திறந்து வந்து, ஒரு கதையும் இல்லாமல் அம்மாவின் பக்கத்தில் குந்தி இருந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினா. அம்மாவும் உரித்தா. வேண்டியதை விட அதிகம்.
3.30 கோபம் எல்லாம் எங்கே போனது என்று தேடினேன். இருந்தது. ஆனால் அதற்குக் கீழே வேறு ஒன்று. முன்கதவைத் திறந்து ரோட்டைப் பார்த்தேன்.
4.40 வந்தார்.

காலையிலிருந்து ஒரு மர வாங்கில் இருக்க வைத்தார்களாம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். சேட் பையில் பேனை இல்லை. மூன்று மணிக்கு உள்ளே கூப்பிட்டு, கடிதத்தை வாசித்து, நீதான் பெயரை எடுத்தாயா என்று கேட்டார்கள். ஓம் என்றார். இனி ஒவ்வொரு ஞாயிறும் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்கள். ஓம் என்றார். பிறகு யாரோ ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். அண்ணாவின் பெயர் அதில் இருந்ததா, அப்போதுதான் எழுதினார்களா என்று அவருக்குத் தெரியாது. ஒரு துண்டுத் தாள் தந்தார்கள்.

இதையெல்லாம் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னார். துண்டை அம்மாவிடம் கொடுக்கவில்லை. சுகந்தி அக்காவிடம் கொடுத்தார், குனிந்து. அக்கா அதை என்னிடம் நீட்டினா.

"உள்ளதைச் சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக. மேலே நேசன் அண்ணாவின் முழுப்பெயர், பிழை இல்லாமல். எங்கள் விலாசம். பிறகு டிடெய்ன் செய்யப்பட்டார், விசாரணைக்காக. அரெஸ்ட் இல்லை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது, நான் நாலு பக்கம் திட்டிய சொல். ஆள் இருக்கிறார் என்று அது சொல்கிறது. கையெழுத்து ஒரு சுழி, யாருடையது என்று தெரியாது. கடைசியில், டிடெய்ன் செய்யப்பட்ட திகதி.

"இண்டைக்கு" என்றேன்.

"என்ன இண்டைக்கு?"

"இண்டைக்குத்தான் பிடிச்சதாம், அக்கா. பதினாறாம் திகதி எண்டு போட்டிருக்கு."

அம்மா, "கடவுளே, பேர் வந்திட்டுது, அது போதும்" என்றா. அப்பா கதிரையில் இருந்தார். "சுகந்தி, நானும் கண்டனான் அதை. அங்கேயே கண்டனான். வாயைத் திறந்தா இந்தத் துண்டையும் வாங்கிப்போடுவாங்கள் எண்டு பேசாமல் வந்தனான். திகதியைப் பற்றிக் கதைக்க வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்."

அக்கா துண்டை வாங்கி மடித்தா. சட்டைக்குள் வைக்கப் போனவ, நிறுத்தினா.

"ஐயா, நீங்கள் போனது பெரிய காரியம். நான் மறக்க மாட்டன். ஆனா ஞாயிறு விடியப் போனவர். பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவரை ஒருத்தரும் வச்சிருக்கேல்ல எண்டெல்லோ இது சொல்லுது. அதுக்குள்ள அவருக்கு ஏதும் செய்திருந்தா, அதையும் ஒருத்தரும் செய்யேல்ல எண்டுதானே வரும்."

அக்கா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவ. எனக்குத் தோன்றாதது. துண்டைக் கண்ட சந்தோஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா, "இதுக்கு மேல ஏலாது, பிள்ளை" என்றார், அக்காவுக்கா எனக்கா என்று தெரியவில்லை. பிறகு, "ஆறாம் திகதி கண்டனான் எண்டு கடிதத்தில எழுதிக் குடுத்தனான்தானே. கடிதம் அவங்களிட்ட இருக்கு" என்றார். தான் சொன்னதைத் தானே கேட்டு நிமிர்ந்தார்.

"அதின்ர பிரதி இருக்கோ?" அக்கா.

இல்லை. ஆனால் மூன்று தடவை கிழித்த தாள்கள் குப்பைக்கூடையில். எடுத்து விரித்தேன். கடைசித் தாளின் வசனங்கள் எனக்கும் ஞாபகம், அப்பாவுக்கும் ஞாபகம். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, அக்காதான் சொன்னா: "இருந்து எழுதுங்கோ ரெண்டு பேரும். நான் நிக்கிறன்."

இப்போது அப்பா மேசையில் ஒரு பக்கம், நான் மறு பக்கம். அவர் தன் கடிதத்தைத் திரும்ப எழுதுகிறார், என் பேனையால். நான் புதியதை எழுதுகிறேன்: ஆறாம் திகதி, ஞாயிறு, காலை ஐந்து மணிக்குப் பிறகு, மைதானத்தில், இன்ன இலக்கம் போட்ட ட்ரக்கில் (இலக்கம் அக்காவுக்குப் பாடம்), சீருடை போட்ட ஆட்கள் பிடித்து ஏற்றினார்கள். கண்டவர்கள்: அப்பா. அம்மா. சுகந்தி. நான். அம்மா தன் பெயரைப் போடாதே என்றா. பிறகு போடு என்றா. பிறகு வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தா.

வெளியே இருட்டில் ஏதோ வாகனச் சத்தம், ஜீப் மாதிரி. சந்திப் பக்கம். வேகமாக இல்லை. அம்மா லைற்றை நிப்பாட்டிவிட்டா.